ஒற்றைப் பலகைக் கணினியில் நேரம் தவறாமல் ஓட

ராஸ்பெரி பை மாதிரியான ஒரு பலகையை அணைத்து ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு, இணையம் இல்லாத இடத்தில் மறுபடி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். போன வாரம் அணைத்தபோது என்ன மணியோ, ஏறத்தாழ அதிலிருந்தே எண்ணத் தொடங்கும். பலகையில் பழுது ஒன்றும் இல்லை. மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் அதன் தயவில் ஒரு சின்னக் கடிகாரச் சில்லு ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிகழ்நேரக் கடிகாரம் அல்லது ஆர்டிசி என்பார்கள். ராஸ்பெரி பை 4 வரை வந்த பலகைகளில் அது கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல் சில்லு உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கிச் செருக வேண்டும்.

இந்தக் குறையை மறைக்க மென்பொருள் ஒரு உபாயம் வைத்திருக்கிறது. ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற பொதி, பலகை அணையும்போதும் மணிக்கு ஒரு முறையும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அடுத்து இயங்கத் தொடங்கும்போது அதையே எடுத்துக்கொள்ளும். கணினி எண்ணத் தொடங்கும் நாளான 1970 ஜனவரி 1-க்குப் போய் நிற்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான். அணைந்திருந்த காலம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

புதிதாக வருபவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: நேரம் மறந்துபோவது ஒரு பிரச்சினை, நேரம் நழுவுவது இன்னொரு பிரச்சினை. முதலாவது மின்சாரம் போனால் வருவது. இரண்டாவது மின்சாரம் இருக்கும்போதே மெல்ல மெல்ல நடப்பது. பலகையில் நேரத்தை எண்ண உதவும் படிகம் சொன்ன வேகத்தில் துல்லியமாக அதிர்வதில்லை. சூடு ஏறினால் வேகமும் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது சாதாரணப் படிகத்துக்குக் கேவலமான அளவு இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 86,400 நொடி என்று கணக்குப் போட்டால் அது தினம் 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். உங்களுக்கு எந்தப் பிரச்சினை என்று தெரியாமல் கடிகாரத் தொகுதி வாங்கினால் பெரும்பாலும் காசு வீண்தான். இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் பலகைக்கு எதையுமே வாங்க வேண்டியதில்லை.

நேரம் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். பாதுகாப்பான இணையத் தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பலகை பழைய தேதியில் இருந்தால், புதிதாகப் புதுப்பித்த சான்றிதழை "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளிவிடும். ஆப்ட் என்ற நிறுவுகருவி வழியாக மென்பொருள் புதுப்பிப்பதும் இதே காரணத்தால் நின்றுபோகும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஒருமுறைக் கடவுச்சொல் ஒத்துவராது. வெப்பநிலையோ மின்னழுத்தமோ பதிவு செய்கிறீர்கள் என்றால், தவறான நேரத்தோடு எழுதிய பதிவுகளை அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு.

ஒரு குறிப்பு. கீழே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். டெபியன் லினக்ஸ் வழிவந்த இயங்குதளம் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதல் படி: இப்போது என்ன நிலை?

டைம், டேட் இரண்டையும் ஒட்டி எழுதி, கடைசியில் சி-டி-எல் சேர்த்தால் அதுதான் டைம்டேட்சிடிஎல். இடைவெளிக்குப் பின் எதுவும் தராமல் அதை மட்டும் ஓட்டுங்கள். உள்ளூர் நேரம், யுடிசி என்னும் உலகப் பொது நேரம், ஆர்டிசி நேரம், நேர மண்டலம், கடிகாரம் ஒத்திசைந்ததா, வலையிலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி சேவை ஓடுகிறதா என்று சில வரிகள் வரும். ஆர்டிசி வரியில் நேரத்துக்குப் பதில் என்/ஏ என்று இருந்தால் பலகையில் சில்லு இல்லை, அல்லது இருந்தும் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குத் தெரியவில்லை. "சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு" என்ற வரியில் "யெஸ்" என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நேரம் சரியாக இத்தனை மணி அல்லது அரைமணிக் கணக்கில் தள்ளி நின்று, நிமிடமும் நொடியும் பொருந்தினால் கடிகாரத்தைத் தொடாதீர்கள். அது நேர மண்டலக் கோளாறு. லினக்ஸ் உள்ளே எப்போதும் யுடிசியில்தான் எண்ணுகிறது. மண்டலம் என்பது காட்டும்போது போடும் கூட்டல் கழித்தல் மட்டுமே. அதே கட்டளையோடு லிஸ்ட்-டைம்ஸோன்ஸ் என்று கொடுத்தால் கண்டம், சாய்கோடு, நகரம் என்ற வடிவில் பெரிய பட்டியல் வரும். உங்களுக்கு உரியதைத் தேர்ந்து செட்-டைம்ஸோன் மூலம் பதியுங்கள். இந்த நிலையில் கையால் மணியை முன்னே பின்னே தள்ளுபவர்கள் யுடிசியையே கெடுத்துவிடுகிறார்கள். அப்புறம் சான்றிதழ்ச் சிக்கல் தேடி வரும்.

இரண்டாவது படி: வலையமைப்பிலிருந்து நேரம்

என்டிபி என்ற நெறிமுறையை டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் வடிவமைத்தார். 1985-இல் முதல் வரையறை வந்தது. வேலை செய்யும் விதம் எளிது. பலகை கேள்வி அனுப்பிய நேரம், சேவையகம் அதைப் பெற்ற நேரம், பதில் அனுப்பிய நேரம், பதில் வந்து சேர்ந்த நேரம் என்று நான்கு முத்திரைகள். இவற்றைக் கூட்டிக் கழித்தால் பயணத்துக்கு ஆன நேரமும் கடிகார வித்தியாசமும் தனித்தனியே கிடைக்கும். போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்று இந்தக் கணக்கு நம்புகிறது. அப்படி இல்லையென்றால் பிழை வரும், ஆனால் அது மொத்தப் பயண நேரத்தில் பாதியைத் தாண்டாது. அதனால் சாதாரண இணைய இணைப்பிலேயே சில மில்லிநொடித் துல்லியம் எட்டக்கூடியதுதான்.

பெரும்பாலான பலகைகளில் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற சேவை ஏற்கெனவே இருக்கும். டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ என்று, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு கொடுத்தால் ஓடத் தொடங்கும். சற்றுப் பொறுத்து, டைம்டேட்சிடிஎல் டைம்சிங்க்-ஸ்டேட்டஸ் என்று கேளுங்கள். எந்தச் சேவையகத்தோடு பேசுகிறது, எவ்வளவு விலகல், எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்கிறது எல்லாம் தெரியும். முதலில் 32 நொடிக்கு ஒருமுறை கேட்டு, நிலை சீரானதும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் 34 நிமிடத்தில் நிற்கும். விலகல் 0.4 நொடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும். அதற்கு மேல் இருந்தால் ஒரே தாவலாகத் தாவிவிடும்.

ஒத்திசையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் தீச்சுவர் (ஃபயர்வால்) மீது. என்டிபி, யுடிபி என்ற இணைய அனுப்புமுறையின் 123-ஆம் துறையைப் (போர்ட்) பயன்படுத்துகிறது. அலுவலக, கல்லூரி வலையமைப்புகளில் இதை அடைத்து வைத்திருப்பது சகஜம். அங்கே உள்ளேயே ஒரு நேரச் சேவையகம் இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். பல ரவுட்டர்களே அந்த வேலையைச் செய்யும். கிடைக்கும் முகவரியை டைம்சிங்க்டி கான்ஃபிக் கோப்பில் என்டிபி என்று தொடங்கும் வரியில் எழுதி, முன்னால் இருக்கும் எண் குறியை (#) நீக்கி, சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். வேறு வழியே இல்லாதபோது பொதுவான என்டிபி பூல் இருக்கிறது. 2003-இலிருந்து தன்னார்வலர்களின் சேவையகங்களைக் கொண்டு நடப்பது. இலவசம் என்பதற்காக நொடிக்கு ஒரு முறை அதைத் தட்டும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்.

எப்போது குரோனிக்கு மாற வேண்டும்?

இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா? பலகை வெயிலும் குளிருமாக மாறும் இடத்தில் இருக்கிறதா? பல பலகைகளுக்கு நேரம் பரிமாற வேண்டுமா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், டைம்சிங்க்டிக்கு மாற்றான குரோனி என்ற நேரச் சேவை நல்லது. டெபியனில் அதை நிறுவினாலே டைம்சிங்க்டி தானாக விலகிவிடும். ஒரே கடிகாரத்தை இரண்டு சேவைகள் இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

குரோனியின் பெரிய பலம் டிரிஃப்ட் கோப்பு. உங்கள் பலகையின் படிகம் எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்று அளந்து அதில் எழுதிவைத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தாலும் அந்த அளவை வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கும். தினம் ஒரு மணி நேரம் மட்டும் இணையம் கிடைக்கும் பலகையில்கூட மீதி நேரத்தில் அதிகம் நழுவாது. நழுவும் பிரச்சினைக்கு வன்பொருள் வாங்காமலே கிடைக்கும் மருந்து இதுதான்.

கான்ஃபிக் கோப்பில் மேக்ஸ்டெப் 1 3 என்று ஒரு வரி இருக்கும். விலகல் ஒரு நொடிக்கு மேல் இருந்தால் முதல் மூன்று திருத்தங்களுக்குள் மட்டும் தாவலாம், அதற்குப் பிறகு மெதுவாகத்தான் சரிசெய்ய வேண்டும் என்று பொருள். இதை அப்படியே விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் நடுவில் நேரம் பின்னோக்கித் தாவினால் வரும் குழப்பத்தை விட, கொஞ்ச நேரம் மெதுவாகச் சரியாவது மேல்.

நிலவரம் பார்க்கக் குரோனிசி சோர்சஸ் என்று கேளுங்கள். நட்சத்திரக் குறி உள்ள வரிதான் இப்போது பின்பற்றும் சேவையகம். ரீச் என்ற பத்தியில் 377 வந்தால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. அது எட்டின் அடிமான எண், சதவீதம் இல்லை. குரோனிசி டிராக்கிங் இன்னும் சுவாரசியமானது. அதில் ஃபிரீக்வென்சி என்ற வரி உங்கள் படிகத்தின் உண்மையான குணத்தைச் சொல்லிவிடும். பலகையின் மேல் விசிறி வைத்து ஒருமுறையும் எடுத்து ஒருமுறையும் பாருங்கள், எண் மாறுவது கண்ணெதிரே தெரியும்.

இணையமே இல்லாத ஒரு வலையமைப்பில் பல பலகைகள் இருந்தால், ஒன்றைத் தலைவராக வைத்து அதன் கான்ஃபிக் கோப்பில் லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 என்ற வரியும், மற்றவற்றை அனுமதிக்கும் அலோ வரியும் சேருங்கள். உலக நேரத்தோடு பொருந்தாவிட்டாலும் அவை தங்களுக்குள் பொருந்தியிருக்கும். உணரிகளின் பதிவுகளை ஒப்பிட அதுவே போதும்.

பலர் தவறவிடும் ஒரு இடம்

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் பதிவுகளின் முதல் சில வரிகள் மட்டும் பழைய தேதியில் வருகின்றன என்று புகார் வரும். காரணம் வரிசை. பலகை எழுந்து, வைஃபை கிடைத்து, என்டிபி பதில் வருவதற்குள் உங்கள் நிரல் ஓடத் தொடங்கிவிடுகிறது.

டைம்சிங்க்டி வைத்திருப்பவர்கள் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் என்ற சேவையை இயக்கிவிட்டு, தங்கள் சேவைக் கோப்பில் ஆஃப்டர், வான்ட்ஸ் என்ற இரண்டு வரிகளிலும் டைம்-சிங்க் டார்கெட்டைக் குறிப்பிட வேண்டும். குரோனி என்றால் குரோனிசி வெயிட்சிங்க் கட்டளையை, நிரல் தொடங்குமுன் ஓடும்படி எக்ஸெக்ஸ்டார்ட்பிரீ வரியில் வைக்கலாம். பின்னால் 8 என்று எண் கொடுத்தால் பத்து நொடிக்கு ஒருமுறையாக எட்டு முறை பார்க்கும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒரு சேவை தொடங்க வழக்கமாகக் கொடுக்கும் 90 நொடி வரம்புக்குள் முடிந்துவிடும்.

ஆனால் இணையம் வராவிட்டால் என்ன? முதல் வழியில் உங்கள் நிரல் முடிவில்லாமல் காத்திருக்கும், இரண்டாவதில் தொடங்காமலே தோல்வி அடையும். நேரம் தவறினாலும் பதிவு வேண்டுமா, நேரம் சரியாகும் வரை பதிவே வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துவராது என்றால்தான் கடிகாரச் சில்லு தேவைப்படுகிறது.

மூன்றாவது படி: கடிகாரச் சில்லு பொருத்துதல்

சந்தையில் அதிகம் கிடைப்பவை டிஎஸ்1307, பிசிஎஃப்8523, டிஎஸ்3231. முதலாவதை ஒதுக்கிவிடுங்கள். அது 5 வோல்ட் சில்லு. அதன் தொகுதிகள் தரவுக் கம்பிகளை 5 வோல்ட்டுக்கு இழுத்துவைத்திருக்கும், 3.3 வோல்ட் மட்டும் தாங்கும் பலகைக் கால்களுக்கு (பின்களுக்கு) அது ஆபத்து. என் தேர்வு டிஎஸ்3231. படிகம் சில்லுக்கு உள்ளேயே இருக்கிறது, வெப்பநிலையை அளந்து தானே திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பிழை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள். ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுதான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான நீலநிறத் தொகுதிகளில் பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கும். அது மறுமின்னேற்ற வகையான எல்ஐஆர்2032-க்காக வைத்தது. அதில் சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால், மின்னேற்றக் கூடாத பேட்டரிக்கு மின்னேறும், உப்பும், கசியும். 3.3 வோல்ட் காலில் இணைத்தால் பேட்டரிக்குப் போகும் அழுத்தம் அதன் அழுத்தத்தை விடக் குறைவாகவே இருக்கும். அதோடு, மின்னேற்றப் பாதையில் உள்ள சின்ன மின்தடையை எடுத்துவிட்டால் நிம்மதி.

இணைப்பது நான்கே கம்பி. ராஸ்பெரி பையை அணைத்து மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தொகுதியின் மின்சாரக் காலை 1-ஆம் காலில் (3.3 வோல்ட்), எஸ்டிஏ என்ற தரவுக் காலை 3-இல், எஸ்சிஎல் என்ற துடிப்புக் காலை 5-இல், தரையை 6-இல் செருகுங்கள். வேறு பலகை என்றால் அதன் கால் வரைபடத்தைப் பார்த்து ஐ2சி (இந்த இரு கம்பித் தொடர்பு) கால்களைக் கண்டுபிடியுங்கள்.

பின்பு ராஸ்பி-கான்ஃபிக் அமைப்புக் கருவி மூலம் ஐ2சியை இயக்கி, ஐ2சி-டூல்ஸ் பொதியை நிறுவி, ஐ2சிடிடெக்ட் கட்டளையை 1-ஆம் தடத்தில் ஓட்டுங்கள். வரும் கட்டத்தில் 68 தெரிந்தால் கம்பி சரி. கூடவே 57 தெரிந்தால் அது தொகுதியில் இருக்கும் நினைவகச் சில்லு, கண்டுகொள்ள வேண்டாம். ஒன்றுமே தெரியாவிட்டால் எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் உரைக்கோப்பில் ஒரு வரி: டிடிஓவர்லே, சமக்குறி, ஐ2சி-ஆர்டிசி, காற்புள்ளி, டிஎஸ்3231, நடுவே எங்கும் இடைவெளி இல்லாமல். புதிய பதிப்புகளில் இந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ளடைவில் இருக்கிறது. மறுதொடக்கம் செய்து மறுபடி தடத்தைப் பாருங்கள். 68 இருந்த இடத்தில் இரண்டு யு எழுத்து வந்திருந்தால் கர்னல் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டது என்று பொருள்.

இப்போது ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்கை நீக்குங்கள். உண்மையான கடிகாரம் வந்தபின் போலிக்கு வேலை இல்லை. இணையத்தில் நேரம் ஒத்திசைந்ததை உறுதிசெய்துவிட்டு ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையை டபிள்யூ கொடியோடு ஓட்டினால் அந்த நேரம் சில்லில் எழுதப்படும். ஆர் கொடியோடு ஓட்டினால் படித்துக் காட்டும். கட்டளையே இல்லை என்று சொன்னால் யூட்டில்-லினக்ஸ்-எக்ஸ்ட்ரா பொதியை நிறுவுங்கள். சில பழைய ராஸ்பெரி பை பதிப்புகளில் யுடெவ் அடைவில் உள்ள ஹெச்டபிள்யூகிளாக்-செட் என்ற ஸ்கிரிப்ட், சிஸ்டம்டி இருக்கிறதென்று பார்த்ததும் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். அந்தச் சோதனை வரிகளின் முன் எண் குறி போட்டு முடக்க வேண்டும். எழுதும் வேலையை இனி கையால் செய்ய வேண்டாம். என்டிபி ஒத்திசைந்திருக்கும்போது கர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை சில்லைப் புதுப்பிக்கும்.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கம்பி வேலை எதுவும் இல்லை, பேட்டரியைச் செருகினால் போதும். மின்னேற்றம் மட்டும் இயல்பில் அணைந்திருக்கும். மறுமின்னேற்ற பேட்டரி என்றால் மட்டும் கான்ஃபிக் கோப்பில் அதை இயக்குங்கள்.

சோதனை செய்யாமல் விடாதீர்கள். வலைக்கம்பி, வைஃபை இரண்டையும் துண்டித்து, பலகையை அணைத்து, மின்சாரத்தைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் கழித்து இயக்குங்கள். வலை இல்லாமலே சரியான நேரம் காட்டினால்தான் வேலை முடிந்தது. வலையோடு சோதித்தால் சில்லு செத்திருந்தாலும் என்டிபி மூடி மறைத்துவிடும்.

ஜிபிஎஸ் யாருக்கு?

இணையம் என்றைக்கும் எட்டாத இடம், அல்லது மைக்ரோநொடித் துல்லியம் தேவை. இந்த இரண்டில் எதுவும் இல்லாவிட்டால் வேண்டாம். வாங்குவதென்றால் நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் கால் வெளியே வந்திருக்கும் தொகுதியாக வாங்குங்கள். ஜிபிஎஸ் அனுப்பும் எழுத்து வரிகள் மணி என்ன என்று சொல்லும், ஆனால் தொடர்த் தடத்தில் வந்து சேர்வதற்குள் நூற்றுக்கணக்கான மில்லிநொடி தாமதமாகிவிடும். நொடி எந்தக் கணத்தில் பிறக்கிறது என்பதைச் சொல்வது பிபிஎஸ் துடிப்புதான். ராஸ்பெரி பையில் அதை ஜிபிஐஓ 18-இல் (12-ஆம் காலில்) இணைத்து, பிபிஎஸ்-ஜிபிஐஓ ஓவர்லேயை இயக்கி, பிபிஎஸ்டெஸ்ட் கட்டளையால் நொடிக்கு ஒரு துடிப்பு வருகிறதா என்று பாருங்கள். எழுத்து வரிகளை ஜிபிஎஸ்டி என்ற சேவை வழியாகவும், துடிப்பை நேராகவும் குரோனிக்குக் கொடுத்தால் அது இரண்டையும் கோத்துக்கொள்ளும். ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும்.

பழைய தொகுதிகளில் ஒரு பொறி உண்டு. ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்துக்கு வரும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. தேதி கிட்டத்தட்ட 20 ஆண்டு பின்னால் காட்டினால் மணி சரியாகவே இருக்கும், தொகுதியின் ஃபர்ம்வேர்தான் பழசு.

நிரல் எழுதுபவர்கள் கவனத்துக்கு

கடிகாரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருத்தம் நடக்கும் கணத்தில் அது நகரும். ஆகவே ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க மணியைக் கழித்துப் பார்க்காதீர்கள். பைத்தானில் டைம் தொகுப்பின் மோனோடோனிக் சார்பு இருக்கிறது; அது பின்னோக்கிப் போகாது, தாவல்களும் அதைத் தொடாது. மோட்டாரைப் பத்து நொடி ஓட்டு, வால்வை மூன்று நொடி திற என்பது போன்ற இடங்களில் இது கட்டாயம். பூட் ஆன புதிதில் என்டிபி தாவும்போது, மணியை நம்பிய நிரல் வால்வை ஒரு வாரம் திறந்து வைக்கப் பார்க்கும், அல்லது உடனே மூடிவிடும்.

பதிவுகளை யுடிசியில் எழுதி, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். 32 பிட் இயங்குதளத்தை இன்னும் வைத்திருப்பவர்கள், நெடுநாள் ஓடவேண்டிய பலகை என்றால், இப்போதே 64 பிட்டுக்கு மாறிவிடுவது நல்லது. 32 பிட்டில் நொடிகளை எண்ணும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று யுடிசி 03:14:07-க்கு இடம் தீர்ந்துவிடும்.